பதினொரு பவுண்

"இது பித்தளை எண்டா நான் விடமாட்டன் பிள்ளை. ஒரு சொல்லுச் சொன்னாக் காணும், கொப்பர் கலியாணத்தை நிப்பாட்டிப்போடுவார்."

ஜெர்மனியில், பீலெஃபெல்ட் வீட்டுக் குசினி மேசையில் தாலிக்கொடியை வைத்தாள் பெரியம்மா கமலநாயகி. வருகிற ஞாயிறு தக்சாயினிக்குக் கல்யாணம். அம்மன் காலடியில் வைத்து எடுக்கவேண்டும் என்று நைசாகப் பேசி, மாப்பிள்ளை வீட்டில் கொடியை வாங்கி வந்திருந்தாள். அம்மன் பார்க்குமுன் தான் பார்த்துவிடவேண்டும் என்ற அவசரம் பெரியம்மாவுக்கு.

"மாப்பிள்ளை ஆரூரன் இன்னும் படிச்சுக்கொண்டிருக்கிற பெடியன். பதினொரு பவுணுக்கு எங்க போறது? நாளைக்கு ஹம்பேர்க்குக்குக் கொண்டுபோய் நகைக்கடையில உரைச்சுப் பாக்கப்போறன்."

"அவ்வளவு தூரம் ஏன் பெரியம்மா? நானே பாத்துச் சொல்லுறன்."

தக்சாயினி அசருகிற ஆள் இல்லை. இரசாயன ஆய்வுகூடம் ஒன்றில் இரண்டாம் வருட அவுஸ்பில்டுங், அதாவது தொழிற்பயிற்சி, செய்கிறவள். சமையல் தராசில் கொடியை வைத்தாள். எண்பத்தெட்டுக் கிராம் காட்டியது.

"பதினொரு பவுண் சரிதானே?"

"நிறையை நம்பேலாது. பித்தளையையும் எண்பத்தெட்டுக்குச் செய்யலாம்."

"ஓம், அது சரி. அப்ப அடர்த்தியைப் பாப்பம். அதை ஒருத்தராலயும் ஏமாத்தேலாது."

உள்ளே போய் அளவுச்சாடியை எடுத்து வந்தாள். ஐம்பதாம் கோடுவரை தண்ணீர் ஊற்றிக் கொடியை மெல்ல உள்ளே இறக்கினாள். வெளியே உலகக் கோப்பைக் கூச்சல் தெருவைப் பிளந்தது.

"நீங்களே வாசியுங்கோ பெரியம்மா."

கமலநாயகி கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தாள்.

"ஐம்பத்தெட்டும் சொச்சமும். அப்ப எட்டு ஏறியிருக்கு."

சற்று யோசித்தாள். அவள் முகம் மலர்ந்தது.

"ஒரு பவுணுக்கு எட்டுக் கிராம். எட்டு அப்பிடியே வந்திட்டுது. பத்தரைமாத்துத் தங்கம், பிள்ளை."

"நீங்கள் சொன்னாச் சரி, பெரியம்மா."

பெரியம்மா அப்போதே தக்சாயினியின் அப்பாவுக்குத் தொலைபேசி எடுத்தாள். "தம்பி, நானே சோதிச்சுப் பாத்திட்டன். கலியாணத்தை நடத்து."

தக்சாயினி கொடியைத் துடைத்துப் பெட்டியில் வைத்தாள். தங்கமாக இருந்திருந்தால் தண்ணீர் ஐந்து கோடுதான் ஏறியிருக்கும். ஆரூரன் முதலில் படித்து முடிக்கட்டும் என்று, கொடியை வெள்ளியில் செய்து தங்க முலாம் பூசச் சொன்னதே அவள்தான்.