கண் அளவு

"ஐயா, தப்பா நினைக்காதீங்க. இந்தக் கோட்டுக்குள்ள இன்னொரு ஆளும் தாராளமா இருக்கலாம்."

சொல்லிவிட்டு உதவியாளர் நாக்கைக் கடித்துக்கொண்டார். வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம்கூட முழுசாக ஆகவில்லை. அமைச்சரிடம் பேசுகிற பேச்சா இது?

அமைச்சர் கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொண்டார். இடது தோள் சரிந்து தொங்கியது. வலது கை விரல் நுனிவரை மூடியிருந்தது. அதைக் கோட்டு என்று சொன்னால் கோட்டுக்கே அவமானம்.

"நல்லாத்தானே இருக்கு? காத்தோட்டமா இருக்கு" என்றார்.

"காத்தா? புயலே அடிக்கும்!" உள்ளேயிருந்து அவர் மனைவி குரல் கொடுத்தார். "கல்யாணம் ஆன நாள்லேருந்து சொல்றேன், அந்தக் கடையை விட்டுத் தொலைங்கன்னு. யாரு கேக்குறா?"

உதவியாளருக்குத் தன் வேலையைப் பற்றிக் கவலை. அடுத்த வாரம் அமைச்சருக்கு வெளிநாட்டு மாநாடு. 'அந்தத் தொளதொளா கோட்டோட அவரை விமானம் ஏத்தினே, நீ வேற வேலை பாத்துக்க' என்று தலைமைச் செயலாளர் கறாராகச் சொல்லியிருந்தார்.

"வேற தையல்காரரைப் பாப்போமே ஐயா?"

"அந்தப் பேச்சே கிடையாது. வண்டியை எடுக்கச் சொல்லு."

சேரியில் பிறந்து, சுதந்திரப் போராட்டத்தில் பலமுறை சிறைக்குப் போய், இன்று அமைச்சராக உட்கார்ந்திருப்பவர். பிடித்த பிடியை விடாத மனிதர் என்று ஊரே சொல்லும். அதற்காக ஒரு தையல்காரர் விஷயத்திலுமா? உதவியாளருக்கு மண்டையைக் குடைந்தது.

"அந்தத் தையல்காரர் உங்களுக்குச் சொந்தமா ஐயா?" வண்டியில் மெதுவாகக் கேட்டார்.

"சொந்தமா? நல்லா கேட்டே போ!" அமைச்சர் வாய்விட்டுச் சிரித்தார். "போராட்டத்துக்குக் கொடியெல்லாம் தைச்சுக் கொடுத்த மனுஷன். என்கூட ஜெயிலுக்கும் வந்தவர்."

அட, பழைய சிநேகிதம்! தையல் சரியில்லை என்று சொன்னால் நண்பர் மனசு நோகுமே என்றுதான் பொறுத்துப்போகிறார். உதவியாளருக்கு அமைச்சர்மேல் மரியாதை கூடியது.

கடையில் தையல்காரர் வாயெல்லாம் பல்லாக வரவேற்றார். "வாங்க தலைவரே, வாங்க! இந்தத் தம்பி யாரு, புதுசா? அப்பா யாரு தம்பி?"

உதவியாளர் அப்பாவின் பெயரையும் ஜவுளிக்கடையையும் சொன்னார்.

"அடடே, அவர் பிள்ளையா!"

துணி வெட்டும் நீளமான மேசைக்கு அந்தப் பக்கம் நின்றபடியே தையல்காரர் அமைச்சரை ஏற இறங்கப் பார்த்தார். "கையைத் தூக்குங்க. கொஞ்சம் திரும்புங்க. ஆங், போதும்."

"அவ்வளவுதானா?" உதவியாளர் வாயைப் பிளந்தார்.

"கண் அளவு தம்பி! தலைவருக்கு எப்பவும் கண் அளவுதான்" என்று பெருமையாகச் சொன்னார் தையல்காரர்.

விளங்கினாற்போலத்தான்! மனுஷனுக்குப் பார்வை மங்கியிருக்க வேண்டும். ஆனால் அதே நேரம் தையல்காரர் ஊசியை எடுத்து ஒரே குத்தில் நூலைக் கோத்துவிட்டார். உதவியாளருக்கு மறுபடியும் குழப்பம்.

அமைச்சர் வண்டிக்குப் போனதும் உதவியாளர் கெஞ்சினார். "அண்ணே, என் வேலை உங்க கையிலதான் இருக்கு. இந்தத் தடவையாவது கொஞ்சம் கச்சிதமா..."

"அதெல்லாம் ஜமாய்ச்சிடலாம். ஆமா, உங்க சட்டையை எந்தப் புண்ணியவான் தைச்சான்? வாங்க, நானே ஒண்ணு தைச்சுத் தர்றேன்."

மேசையைச் சுற்றிக்கொண்டு வந்தார். டேப்பை உருவி உதவியாளரின் கழுத்தில் போட்டார். தோளை அழுத்திப் பிடித்து அளந்தார். மார்பைச் சுற்றி அளந்தார். மணிக்கட்டைப் பிடித்துக் கையை நீட்டவைத்து அளந்தார்.

"எனக்கு ஏண்ணே கண் அளவு இல்ல?"

"உங்களுக்கு எதுக்குத் தம்பி? நீங்க நம்ம ஆளு."

உதவியாளருக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் உடம்பெல்லாம் கூசியது. டேப்பை உதறிவிட்டு வண்டிக்கு ஓடினார்.

"ஐயா, இந்தக் கடை வேணாம் ஐயா. இந்த ஆளு... இந்த ஆளு..."

"உன்னைத் தொட்டு அளந்தாரா?" அமைச்சர் நிதானமாகக் கேட்டார்.

"உங்களுக்குத் தெரியுமா? தெரிஞ்சுமா இங்கயே வர்றீங்க?"

"உன் வேலைக்கு ஒண்ணும் ஆகாது, பயப்படாதே" என்றார் அமைச்சர். "முதல்ல என்னைத் தெருவுல நிறுத்தி அளந்தாரு. அப்புறம் வாசப்படியில. இப்ப மேசை வரைக்கும் வந்தாச்சு. வெள்ளைக்காரனே மூட்டை கட்டிட்டான். இவரு அந்த மேசையைச் சுத்தி வந்து என் தோள்ல கை வைக்கிற வரைக்கும் நான் வேற கடைக்குப் போறதா இல்ல!"