சனிக்கிழமைக் கூட்டாளி

"யக்கா, இன்னைக்கும் அவுக ஊசியத் தொடல, பாத்தீங்களா?"

எஸ்லினின் காதருகே குனிந்து கிசுகிசுத்தாள் ருக்ஸானா.

"உன் துணியப் பாரு ஏட்டி. கோணலாப் போகுது" என்று எஸ்லின் சிரித்தாள்.

சங்கரன்கோவில் ரத வீதியில் எஸ்லினுக்குத் தையல் கடை. சனிக்கிழமை மதியமானால் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, அக்கம்பக்கத்துப் பெண்கள் சிலர் அங்கே பாய் விரித்து உட்கார்ந்துவிடுவார்கள். கடையில் மிஞ்சிய வெட்டுத்துணிகளைக் கட்டம் கட்டமாக நறுக்கி, ஒன்றோடொன்று சேர்த்து, கையாலேயே தைத்துப் போர்வையாக்குவார்கள். விற்க அல்ல. ஆசைக்குத்தான்.

அந்தக் கூட்டத்துக்கு மேலநீலிதநல்லூரிலிருந்து பஸ் ஏறி வருபவள் இசக்கித்தாய். ஆட்டு மந்தை வைத்திருக்கிற வீடு. ஜாக்கெட் தைக்கக் கொடுக்க வந்தவள், இவர்கள் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டுத் தானும் உட்கார்ந்தாள். அன்றிலிருந்து எந்தச் சனிக்கிழமையும் தவறவில்லை. கண்டக்டர் மாதிரி பேசிக் காட்டுவாள். ஆடு போய்ச் சம்பந்தி வீட்டுச் சீரைத் தின்ற கதையைச் சொல்லுவாள். சிரித்துச் சிரித்து மற்றவர்கள் விரலில் ஊசியைக் குத்திக்கொள்வார்கள்.

ஆனால் அங்கே அவள் ஒரு தையல்கூடப் போட்டதில்லை. எஸ்லின் புதிதாக ஏதாவது சொல்லிக் கொடுத்தால், "இன்னொருக்கா காட்டுங்க டீச்சர்" என்று செல்போனில் படம் எடுத்துக்கொள்வாள். "வீட்டுல போயி தச்சிக்கிடுதேன்" என்று துணிகளைப் பையில் போட்டுக்கொள்வாள். அடுத்த வாரம் தைத்ததைக் கொண்டுவந்தால், எறும்பு வரிசை போனது போல அப்படி ஒரு தையல்! எஸ்லினுக்கே அவ்வளவு சீராக வராது.

ஒரு விஷயம் தெரியாவிட்டால் ருக்ஸானாவுக்குச் சோறு இறங்காது.

கூட்டத்தில் இளையவளான தேன்மொழிக்கு அது நிறைமாதம். பிறக்கப்போகும் பிள்ளைக்கு எல்லோருமாகச் சேர்ந்து ஒரு போர்வை தைத்துக்கொண்டிருந்தார்கள். ஆளுக்கொரு கட்டம். அன்று இசக்கித்தாய் பையைத் திறந்து தன் கட்டத்தை எடுத்து வைத்தாள். பச்சைத் துணியின் மேல் வெள்ளை ஆட்டுக்குட்டி ஒன்று துள்ளிக்கொண்டிருந்தது. ஒரு பிசிறு இல்லை.

"யக்கா, இந்தக் காத எப்படி மடக்குனீங்க? ஒரே ஒரு தையல் போட்டுக் காட்டுங்க" என்று ஊசியை நீட்டினாள் ருக்ஸானா.

இசக்கித்தாயின் சிரிப்பு நின்றது. "கண்ணு சரியாத் தெரியல மக்கா."

"என் கண்ணாடியப் போட்டுக்கோங்க."

"கையும் வலிக்கு."

"அப்போ யாருகிட்டயோ குடுத்துத் தச்சு வாங்கிட்டு வாரீங்களோ?"

விளையாட்டாகக் கேட்கத்தான் நினைத்தாள். வார்த்தை வேறு மாதிரி விழுந்துவிட்டது. "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று இசக்கித்தாய் கட்டத்தையும் எடுத்துப் பையில் திணித்துக்கொண்டு, குனிந்து ஷட்டருக்கு வெளியே போனாள்.

அடுத்த சனிக்கிழமை அவள் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. போன் அடித்தாலும் எடுக்கவில்லை. கடைக்குள் கத்தரிக்கோல் சத்தம் மட்டும் கேட்டது.

"தைக்கதுக்கு நாம இத்தன பேரு இருக்கோம். சிரிக்க வைக்க அவ ஒருத்திதான இருந்தா" என்றாள் எஸ்லின்.

"அந்த ஆட்டுக்குட்டி இல்லாம போர்வைய முடிச்சிராதீங்கக்கா" என்றாள் தேன்மொழி, வயிற்றைத் தடவியபடி.

மறுநாள் காலையில் ருக்ஸானா மேலநீலிதநல்லூர் பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

விசாரித்து விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தாள். வாசலில் ஆட்டுப்பட்டி. காதுவரை முறுக்கிய மீசையோடு ஒரு ஆள் அரிவாளால் வேப்பங்குழை வெட்டிப் போட்டுக்கொண்டிருந்தார். இசக்கித்தாயின் வீட்டுக்காரர் இசக்கித்துரை.

"ஆரு?"

"சங்கரன்கோவில்லருந்து வாரேன். ருக்ஸானா."

அரிவாள் நின்றது. "ஓ, நீதானா அது?"

"தப்பு என்மேலதான் அண்ணாச்சி. அக்காகிட்ட ஒரு வார்த்த பேசிட்டுப் போயிருதேன்."

அவர் வீட்டுப் பக்கம் திரும்பி, "ஏட்டி, வெளிய வா!" என்று அதட்டினார்.

இசக்கித்தாய் தலையைக் குனிந்தபடி வந்து நின்றாள். ருக்ஸானா ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"யக்கா, நீங்க தைக்கவே வேண்டாம். சும்மா வந்து உக்காருங்க. நீங்க இல்லாம எங்களுக்கு அங்கன இருக்கவே பிடிக்கல."

இசக்கித்தாயின் கண் கலங்கிவிட்டது. "எனக்கு ஊசியில நூலு கோக்கக்கூடத் தெரியாது மக்கா. உங்ககூட உக்காந்து பேசத்தான் வந்தேன். வெறுங்கையோட வந்தா சேத்துக்கிடுவீகளோ மாட்டீகளோன்னு பயம். தச்சுத் தந்த ஆளும் வெளிய சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிருக்கு."

"யாருக்கா அது?"

இசக்கித்தாய் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இசக்கித்துரை அரிவாளைக் கீழே வைத்தார். தெருவின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒருமுறை பார்த்தார். துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு ருக்ஸானாவின் அருகே வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"தங்கச்சி, ரெண்டு வாரமா இவ அங்கன போகாததுல என் வேலை அப்படியே நிக்கு. வளைவுல துணி சுருங்காம மடக்கதுக்கு எஸ்லின் டீச்சர் என்ன சொல்லிக் குடுத்தாக?"