இன்று காலை முதல் காணவில்லை

"கொயந்தைய மொதல்ல கீழ எறக்கி வுடு. அப்பால பேசலாம்."

ஏசுபாதத்தின் சட்டைக் காலரை இறுகப் பிடித்திருந்தார் சிட்டிபாபு. பொங்கலுக்கு ஊருக்குப் போகும் கூட்டம் மொத்தமும் பெருங்களத்தூர் பஸ் ஸ்டாப்பில் நின்றது. பஸ்தான் வரவில்லை. சும்மா நின்றவர்களுக்கு இப்போது ஒரு வேலை கிடைத்துவிட்டது.

"என் பொண்ணுங்க இது. இவங்கம்மா அந்தாண்ட பஸ் பாக்கப் போய்கீறா. இப்ப வந்துடுவா," என்றார் ஏசுபாதம். அவர் தோளில் இருந்த ஏழு வயதுக் குழந்தை பயத்தில் வீறிட்டு அழுதது.

"உன் பொண்ணா? நீ கருகருன்னு கீற, கொயந்த செவப்பா கீது. எங்க, ஆதார் கார்டு காட்டு."

"மாமியார் வூட்டுக்குப் போறவன் கொயந்த ஆதாரக் கையில வெச்சுகினா சுத்துவான்?"

"பாப்பா, இது யாரு?" என்று ஒரு பெண்மணி குழந்தையைக் கேட்டார்.

"அம்மா," என்று அழுதது குழந்தை.

"பாத்தீங்களா, அம்மாவத் தேடுது," என்றார் அந்தப் பெண்மணி. அதற்குமேல் கூட்டத்துக்குச் சாட்சி தேவைப்படவில்லை.

சிட்டிபாபு கெட்டவர் அல்ல. அந்தப் பக்கத்தில் மனை வாங்கி விற்பவர். யாருக்கு ரத்தம் வேண்டுமென்றாலும் முதல் ஆளாக ஓடுவார். நல்ல மனிதருக்குக் கோபம் வந்தால்தான் வம்பு. அவரைத் தடுக்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றாது.

பக்கத்தில் ஷ்யாம்சுந்தர் தன் போனை எல்லோருக்கும் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தான். அவன் கழுத்தில் இன்ஜினியரிங் கல்லூரியின் அடையாள அட்டை. போனில் இரட்டைச் சடை போட்ட ஒரு சிறுமியின் மங்கலான படம். அதன் கீழே, 'இன்று காலை முதல் காணவில்லை. கடைசியாகப் பார்த்தது பெருங்களத்தூர் பஸ் ஸ்டாப். தயவுசெய்து அனைவருக்கும் பகிரவும்' என்று எழுதி ஒரு போன் நம்பரும் இருந்தது.

"அதே ரெட்டை ஜடை, அதே பஸ் ஸ்டாப். இதுக்கு மேல என்ன வேணும்?" என்றான் அவன்.

பின்னாலிருந்து யாரோ ஏசுபாதத்தின் பிடரியில் ஒன்று போட்டார்கள். இன்னொரு கை ஓங்கியது. அதற்குள் தோள்பை மாட்டிய ஒரு பெண் கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்து நடுவில் நின்றுவிட்டாள்.

"அவர் மேல கை வைக்காதீங்க."

"நீ யாரும்மா நடுவுல?" என்றார் சிட்டிபாபு.

"அனுப்பிரியா. தாம்பரத்துல காலேஜ் படிக்கிறேன் சார்." அவள் ஷ்யாம்சுந்தர் பக்கம் திரும்பினாள். "அண்ணா, இந்த மெசேஜ் உங்களுக்கு யார் அனுப்பினாங்க?"

"எங்க ஏரியா குரூப்ல வந்துச்சு."

"குரூப்ல போட்டவருக்கு?"

"அவருக்கு வேற ஏதாவது குரூப்ல வந்திருக்கும்."

"'இன்று காலை'ன்னு போட்டிருக்கே, எந்த இன்று?"

ஷ்யாம்சுந்தர் மெசேஜை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தான். தேதி எங்கேயும் இல்லை.

"தேதி பாத்துகினு நின்னா கொயந்த போயிடும்," என்று உறுமினார் சிட்டிபாபு. "காலைலேர்ந்து நானே இத ஏழெட்டு குரூப்புக்கு அனுப்பிக்கீறேன். அனுப்புனவன் அத்தினி பேரும் பொய்யனா?"

"அத்தனை பேர்ல ஒருத்தராவது அந்த நம்பருக்கு போன் பண்ணீங்களா சார்?"

கூட்டத்தில் பகிராதவர் யாரும் இல்லை. போன் செய்தவரும் யாரும் இல்லை.

"அண்ணா, எங்கேர்ந்து எடுத்தீங்கன்னு போடாம ஒரு ப்ராஜெக்ட் குடுத்தா உங்க காலேஜ்ல வாங்கிப்பாங்களா?"

"மாட்டாங்க. மூஞ்சியிலேயே வீசுவாங்க."

"மார்க்குக்கு அவ்வளவு பாக்குறோம். ஒரு மனுஷனை அடிக்கிறதுக்கு ஒண்ணுமே பாக்க வேணாமா?"

ஷ்யாம்சுந்தருக்கு வெட்கமாகப் போய்விட்டது. சிட்டிபாபுவின் பிடி மட்டும் தளரவில்லை.

"இன்னா ஓவரா பேசுற. இவன் உனக்குச் சொந்தமா?"

"இவரை இப்பதான் பாக்குறேன் சார்."

"அப்புறம் எப்படி இவனுக்கு வக்காலத்து வாங்குற? நீ சொன்னா நாங்க நம்பிடணுமா?"

"வேணாம் சார். நான் சொல்றதையும் நம்ப வேணாம், அதுவும் வாயில வந்த ஃபார்வர்டுதான். நம்பர் கையில இருக்கு, அடிச்சுக் கேளுங்க. அதுவரைக்கும் இவரைத் தொடணும்னா என்னைத் தாண்டித்தான் தொடணும்."

அவள் நின்ற இடத்தை விட்டு ஓர் அடிகூட நகரவில்லை. அப்போது பார்த்து விழுப்புரம் பஸ் வந்து நிற்க, நியாயம் கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பாதிப் பேர் சீட்டுப் பிடிக்க ஓடினார்கள். அனுப்பிரியா போகவேண்டிய பஸ்ஸும் அதுதான். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அடிப்பா. அதையும் பாத்துடலாம்," என்றார் சிட்டிபாபு.

ஷ்யாம்சுந்தர் அந்த நம்பரை அழுத்தி ஸ்பீக்கரில் போட்டான். ஏசுபாதம் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு கண்ணை மூடினார்.

அனுப்பிரியாவின் தோள்பைக்குள் ஒரு போன் அடித்தது. அவள் அதை எடுத்துக் காதில் வைத்தாள். அவள் பேசியது ஸ்பீக்கரிலும் கேட்டது.

"சொல்லுங்கண்ணா. இந்தக் கால் வர்றப்பல்லாம் எங்கம்மாவுக்குக் கை கால் உதறுதுன்னு இப்ப நான்தான் இந்த போனை வெச்சிருக்கேன். காணாமப் போனது நான்தான். அன்னிக்குச் சாயங்காலமே கிடைச்சுட்டேன், பன்னெண்டு வருஷமாச்சு."