இரட்டை எடை

பெங்களூரில் மனிதர்களுக்கு வாடகை வீடு கிடைக்காது. பழைய எடை மெஷின்களுக்கோ அத்திபெலே நெடுஞ்சாலையோரம் ஒரு மியூசியமே இருக்கிறது.

போன வருடம் இளவேனிலும் நானும் அங்கே ஒரே மெஷினில் சேர்ந்து ஏறினோம். நூற்றுப்பத்து காட்டியது.

"அதுல அறுபத்தஞ்சு உன்னுதுடா, குண்டா" என்றாள்.

டெங்குவில் அவள் இறந்த பிறகு, நேற்று தனியாகப் போய் ஏறினேன். அதே நூற்றுப்பத்து. இறங்கினேன். முள் நாற்பத்தைந்தில் நின்றது.

"பழைய பீஸு சார், ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க. மூடணும்" என்றார் காவலாளி.

"இறங்கு இளா, போலாம்" என்று மெஷினிடம் மெதுவாகச் சொன்னேன்.

முள் பூஜ்யத்துக்கு வந்தது.

வெளியே வந்து பைக்கை ஸ்டார்ட் செய்து, நெடுநேரம் காத்திருந்தேன். பின்சீட் அழுந்தவே இல்லை.