ஆளுக்கொரு வாக்குறுதி

அமெரிக்க அதிபர் பதவிக்குக் கட்சி யாரை நிறுத்துவது என்று மறுநாள் வாக்கெடுப்பு. கணினி உருவாக்கிய வேட்பாளர்களின் குரல்கள் இப்போதெல்லாம் அவரவர் தாய்மொழியிலேயே, ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகத் தொலைபேசியில் பேசின.

"தென்காசில தனியா இருக்கிற அப்பாவைக் கூட்டிட்டு வந்துடுங்கம்மா, விசா என் பொறுப்பு" என்று செனட்டர் பென்விக் சொன்னதும், டாலஸில் இருந்த இளவேனில் முடிவு செய்துவிட்டாள்.

"என் ஓட்டும் அவருக்குத்தான்" என்று கணவன் கதிரவன் சொன்னபோது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

அவன் குளிக்கப் போயிருந்தபோது அவனுடைய கைபேசி ஒலிக்க, எடுத்தாள். அதே பென்விக்.

"கதிர், நீங்க கேட்டபடி பெற்றோர் விசாவை நிறுத்திடுவேன். மாமனார் வந்துடுவாரோன்னு கவலைப்படாதீங்க."

வேட்பாளரின் பொய் அவளுக்குப் பெரிதாகப் படவே இல்லை.

ஈரத்தலையோடு வந்தவனிடம், "அவர்கிட்ட என்ன கேட்டீங்க?" என்றாள்.

கதிரவன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.