உமையாளுக்கு ஒரு மண்டபம்

“அணுகுண்டே விழுந்தாலும் நிக்குமா?” என்று கேட்டார் தேனப்பன். நேமத்தான்பட்டியில் தன் சொந்த மனையில், காலமான மனைவி உமையாளுக்கு நினைவு மண்டபம் கட்ட அவருக்கு ஆசை.

“ஆறடி கனத்துக்குக் கான்கிரீட் போட்டா நிக்கும்ணே. பாக்கத்தான் ஆள் இருக்காது” என்றான் இன்ஜினியர் மருதுபாண்டி.

“குண்டு கெடக்கட்டும். எனக்குப் பின்னாடி எம் மகன் மனையை வித்துட்டா?”

“வாங்குறவுக ஜேசிபியோட வந்துருவாகண்ணே.”

அன்று முழுக்க தேனப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. மறுவாரம் பத்திர ஆபீசிலிருந்து நேரே மனைக்குச் சிரித்துக்கொண்டே வந்தார்.

“மனையைப் பங்காளிக அம்புட்டுப் பேருக்கும் பொதுவா எழுதிட்டேன். விக்கணும்னா எல்லாரும் கையெழுத்துப் போடணும். பொது வீட்டுல ஒரு பல்பு மாத்தவே ஒத்துவராதவுக! இனி எந்தக் கொம்பனாலயும் அங்க ஒரு செங்கலை எடுக்க முடியாது.”

மருதுபாண்டி தலையில் கை வைத்துக்கொண்டான். “என்ன வேலை செஞ்சீக! இனிமே ஒரு செங்கலை வைக்கிறதுக்கும் அவுக எல்லாரும் போடணுமே!”

தேனப்பன் திரும்பிப் பார்த்தார். மனையில் உமையாள் நட்ட முருங்கை மட்டும் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

“அப்ப அந்த மரத்தை வெட்டணும்னாலும்?”

“எல்லாரும் போடணும்ணே.”

“அப்பச் சரி” என்றார் தேனப்பன். “குண்டு மட்டும் விழாம இருக்கணும்.”