மாப்பிள்ளைச் சம்பளம்

“மாப்பிள்ளைக்குச் சம்பளம் எவ்ளோ?”

முதல் பஜ்ஜியை விழுங்குவதற்குள் தீபிகா கேட்டுவிட்டாள். ஆவடியிலிருந்து மாங்காட்டுக்குப் பெண் பார்க்க வந்த தமிழரசுக்குப் புரையேறியது.

“இன்னாம்மா இது, பொண்ணு எடுத்த எடுப்புல காச கேக்குது?” என்று அவன் அம்மா ஞானம்மாள் முகத்தைச் சுளித்தாள்.

“எனக்கு முடக்குவாதம் கீது அத்தை. மாசாமாசம் ஊசி போட்டாத்தான் எழுந்து நடப்பேன். எங்கப்பா திருமழிசைல கம்பெனி வேலைல கீறதால இப்ப ஊசி தடையில்லாம வருது. கல்யாணம் ஆயிட்டா அது நின்னுடும்.”

அவளுடைய அப்பா நடேசன் தலையில் கைவைத்துக்கொண்டார். மறைக்கச் சொல்லிக் கெஞ்சியிருப்பார், பாவம்.

“ஊசிய நிறுத்திட்டு நாட்டு மருந்து பாத்தா இன்னா?” என்றாள் ஞானம்மாள்.

“நிறுத்திப் பாத்தாச்சு. சோத்தக்கூட எங்கம்மாதான் ஊட்டிவுட்டுச்சு. இனிமே எவனுக்காவவும் நிறுத்த மாட்டேன். சம்பளத்தச் சொல்லுங்க.”

தமிழரசுக்கு அவளை அங்கேயே பிடித்துப்போனது. இதுவரை பார்த்த பெண்கள் எல்லோரும் தரையைப் பார்த்துத்தான் பேசினார்கள். கட்டினால் இவளைத்தான் கட்டுவது என்று முடிவே செய்துவிட்டான். ஆனால் அவன் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள்.

“அம்பத்தூர் எஸ்டேட்ல எம்புள்ள பெரிய சூப்பர்வைசரு. சொளையா அம்பதாயிரம் வாங்குது. உன் ஊசிக்குப் பயந்தவங்களா நாங்க?”

“அப்ப வேணாங்க.” தீபிகா எழுந்துவிட்டாள்.

“அம்பதாயிரம் பத்தலியா? கலெக்டரத்தான் கட்டுவியா நீ?” ஞானம்மாள் எகிறினாள்.

தமிழரசு பஜ்ஜித் தட்டைக் கீழே வைத்தான். ஐம்பதாயிரத்தையே வேண்டாம் என்பவள், உண்மை தெரிந்தால் சிரிப்பாள். சிரித்தால் சிரிக்கட்டும். நோயைச் சொல்ல அவளே வெட்கப்படவில்லை, சம்பளத்தைச் சொல்லத் தனக்கென்ன வெட்கம்?

“அம்மா சொன்னது பொய்ங்க. நான் சூப்பர்வைசர் இல்ல, லேத் ஆபரேட்டரு. பதினெட்டாயிரம்தான். அதுலயும் ஈஎஸ்ஐ ஆஸ்பத்திரிக்குனு பிடிச்சுக்கினுதான் தர்றாங்க.”

ஞானம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நடேசன் மகளையும் மாப்பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்தார். தமிழரசு யார் முகத்தையும் பார்க்காமல் வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டினான்.

பின்னாலேயே வந்த தீபிகா அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

“இருபத்தோராயிரத்தத் தாண்டினாலே ஈஎஸ்ஐ கிடையாது, அம்பதாயிரம் வாங்குறவருக்கு ஏதுங்க கார்டு? இப்ப ஊசி வர்றது எங்கப்பா கார்டுல. நாளைக்குப் பொண்டாட்டிக்கு ஊசி தர்றது உங்க கார்டுதான்!”